வாளிக்குள் அசைபோட்டது

திருச்சுழிப் பக்கத்துத் தீவன ஆராய்ச்சிப் பண்ணையில் செவலைப் பசு ஒன்று நிற்கிறதே, அதன் இடது விலாவில் ஆராய்ச்சிக்கென்று உள்ளங்கை அகலத்துக்கு வெட்டிவைத்த ஓட்டை. ரப்பர் மூடி போட்டிருக்கும். மூடியைக் கழற்றிக் கையை விட்டால் மாட்டின் வயிறு. உலை மாதிரி வெதுவெதுவென்று கையைப் பிசையும். மாடு பாட்டுக்கு அசைபோட்டுக்கொண்டு நிற்கும்.

அந்தக் கையை விடுகிற வேலைதான் பிச்சையம்மாளுக்கு. புருசன் செத்த மறுமாசம் வந்தவள். முதல் நாள் வாந்தி எடுத்தாள், மறுநாளும் வந்தாள். பதினோரு வருசம் ஓடிவிட்டது.

சோளத்தட்டையைப் பொடித்து, நிறுத்து, சின்னத் துணிப்பையில் கட்டி வயிற்றுக்குள் விடவேண்டும். சொன்ன மணிக்கு எடுத்து, அலசி, உலர்த்தி, மறுபடி நிறுத்தால் குறைந்த எடை அத்தனையும் மாடு செரித்தது.

அலசத் தண்ணி வேண்டுமே! கிணறு வற்றி மூணு மாசமாக அந்தக் காட்டுக்கு லாரித் தண்ணி, அதுவும் நாலு மணிக்குத்தான். காலையில் எடுத்த பைகளை வாளியில் போட்டு மூடி, அறையைப் பூட்டிவைத்து, சாயங்காலம் எல்லாவற்றையும் ஒன்றாக அலசுவாள். சொட்டுத் தண்ணி வீணாக்காதவள் என்று அவளுக்கே ஒரு பெருமை.

எடை பார்க்கிற டாக்டரம்மா ரோஷினி ஒருநாள் முகம் சுண்டி வந்தாள். "பிச்சையக்கா, பையில தட்டை ரொம்பக் குறையுது. மாடு இவ்வளவு செரிக்காது. யாரும் பிரிச்சு அள்ளுறாகளா?"

"யாரும்னா நாந்தான். சாவி என் இடுப்புலல்ல கிடக்கு? ஒரு சிட்டிகைத் தூள அள்ளி நான் பணியாரமா சுடப்போறேன்?"

"மேல இருந்து கேக்குறாகக்கா. பதில் இல்லன்னா உங்கள நிப்பாட்டச் சொல்லிட்டாக."

வேலை போனால் போகட்டும். திருடி என்ற பேரோடு ஊருக்குள் எப்படி நடப்பது?

மறுநாள் பைகளை வாளியில் மூடிவைத்து, அறைக்குள் இருந்தே தாழ்ப்பாள் போட்டு உட்கார்ந்துவிட்டாள். எவன் வாரான்னு பாத்துருவோம்! உச்சி வெயில். வெளியே காக்காச் சத்தம்கூட இல்லை.

புசு... புசு...

பாம்போ என்று காலைத் தூக்கிக்கொண்டாள். வாளி மூடி லேசாக எழும்பித் தணிந்தது. திறந்தாள். மாட்டு மூச்சின் வாடை முகத்தில் அடித்தது. நுரைக்குள் பைகள் வெதுவெதுவென்று கிடந்தன. தொட்டால், வயிற்றுக்குள் தொடுகிற அதே சூடு. சன்னல் வழியே பார்த்தாள். செவலை இருபதடி தள்ளி அசைபோடுவதை நிறுத்திவிட்டு, இவளையே பார்த்துக்கொண்டு நின்றது.

பிச்சையம்மாள் வாளியை மூடினாள். நேரே ரோஷினியிடம் போனாள். "திருடனப் புடிச்சுட்டேன் டாக்டரம்மா. மாடு வெளிய நிக்குது, அது வயிறு வாளிக்குள்ள திங்குது."

ரோஷினி சிரித்தாள். வாளியில் காது வைத்ததும் சிரிப்பு நின்றது.

ரோஷினி சொல்லி, பாலவனத்தத்திலிருந்து ஐஸ் கட்டி வந்தது. மாட்டிலிருந்து உருவின கையோடு ஒரு பை ஐஸ் தண்ணிக்குள். இன்னொன்று வழக்கம்போல வாளிக்குள். உலர்த்தி நிறுத்தால் ஐஸ் பை கனமாக இருந்தது.

"வயித்துல செரிக்க வைக்கிற கண்ணுக்குத் தெரியாத உசுருக்கா. பையோட வந்து தின்னுக்கிட்டே இருந்திருக்கு. குளுரக் காட்டினாத்தான் அடங்கும். நாந்தான் உங்களுக்குச் சொல்லியிருக்கணும்." மூணு மாச எடைக் கணக்கை அவளே கிழித்துப் போட்டாள். பிச்சையம்மாள் பேர் தப்பியது.

இப்போது எடுத்த கையோடு பைகளை ஐஸ் தண்ணிக்குள் அவளே அமுக்குகிறாள். விரலுக்கடியில் சூடு மெல்ல மெல்லப் போய், பை சில்லிட்டு அடங்கும்வரை கையை எடுப்பதில்லை. அந்தத் தண்ணியைக் கால் படாத இடமாகப் பார்த்து, வேலிக்கருவை மரத்து மூட்டில் ஊற்றுகிறாள்.

"எதுக்குக்கா அம்புட்டுத் தூரம்?" என்று ரோஷினி கேட்டால், "செத்தத மிதிக்கக் கூடாது தாயி" என்பாள்.