இரண்டாவது உட்கரு

உள்ளங்கையில் அடங்கும் கண்ணாடித் தட்டு. உள்ளே உறைந்த கூழில் ஒரு வெள்ளை வேர் கோணல்மாணலாக ஓடுகிறது. அதைச் சுற்றி, ரவையைவிடப் பொடியான பூஞ்சை வித்துகள். அடையாறில் நான் வேலை செய்யும் ஆய்வகத்தில், இன்று காலை அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். இவ்வளவு செழிப்பாக அது ஒருநாளும் இருந்ததில்லை.

அது மேடத்தின் பூஞ்சை. மேடம் எங்கள் பிரிவின் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர்; மயிலாப்பூர்க்காரர். நந்தனத்தில் ஒரு புங்க மரத்தடி மண்ணிலிருந்து அவரே பிரித்தெடுத்தது. செடிக்கு மண்ணிலிருந்து சத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, செடியிடம் சாப்பாடு வாங்கிக்கொள்ளும் ஜீவன். வேர் இல்லாமல் உயிர் வாழாது. அதன் உடம்புக்குள் தடுப்புச் சுவரே கிடையாது. மரபணுக்களைச் சுமக்கும் உட்கருக்கள் ஆயிரக்கணக்கில் ஒன்றாகப் புழங்கும். மேடத்தின் பூஞ்சையில் அவை இரண்டு வகை. எந்த வகையானாலும் மரபணுத் தொகுப்பு இரண்டு பகுதியாக மடிந்திருக்கும். திறந்த பகுதி அன்றாட வேலைகளைப் பார்க்கும். இன்னொன்று இறுக மூடிக் கிடக்கும். வேரைத் தாஜா செய்து உள்ளே நுழையும் வித்தையெல்லாம் பெரும்பாலும் அங்கேதான். திறந்த பகுதி இரண்டு வகைக்கும் ஏறக்குறைய ஒன்று. மூடிய பகுதியில்தான் ஆளுக்கொரு ரகசியம். முதல் வகையின் மடிப்பைப் படித்து முடித்திருந்தோம். இரண்டாவதையும் படித்துவிட வேண்டும் என்பதுதான் மேடத்துக்கு மிச்சமிருந்த ஒரே ஆசை. அதற்கு உயிருள்ள உட்கரு வேண்டும். உறைபெட்டியில் பிரித்து வைத்திருக்கும் பழைய மரபணுச் சாறு உதவாது; அதில் மடிப்பு கலைந்திருக்கும்.

அவ்வப்போது பூஞ்சையை, தட்டில் வளர்த்த புது கேரட் வேருக்கு மாற்ற வேண்டும். மாட வீதியில் கத்தரிக்காய் பொறுக்குகிற அதே கண்ணோடு மேடம் தட்டுகளைப் பொறுக்குவார். "நன்னா இருக்கறதா பார்த்து எடுடி. சோப்ளாங்கியெல்லாம் தூரப் போடு" என்பார். நாங்களும் போட்டோம். நல்லதைப் பொறுக்குவதில் என்ன தப்பு வந்துவிடும்? வருஷக்கணக்கில் அப்படித்தான் நடந்தது. ஆயுத பூஜைக்கு அந்தத் தட்டுகளை வைத்த அலமாரிக்குக் குங்குமம் வைத்துவிட்டு, "ரெண்டு பேரும் சௌக்கியமா இருங்கோ" என்று உட்கருக்களிடம் பேசுவார். நான் சிரிப்பேன்.

பிறகு ஒரு மரபணுச் சோதனையில் இரண்டாவது வகை பாதியாகக் குறைந்திருந்தது. அடுத்ததில் இன்னும் குறைவு. நுண்ணோக்கியில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். கேரட் வேர் முதல் வகைக்குத் தோதாக இருந்திருக்கிறது. அது மிகுந்த தட்டுதான் கொழுகொழுவென்று வளர்ந்திருக்கிறது. நாங்கள் சோப்ளாங்கி என்று கழித்துக்கட்டியவற்றில்தான் இரண்டாவது வகை இருந்திருக்கிறது. மேடம் நாற்காலியில் உட்கார்ந்தவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. அவரை அப்படிப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

அன்று மத்தியானமே, அதே மண்ணை மறுபடி அள்ளிவர ஒரு பிளாஸ்டிக் பையோடு இருவரும் ஆட்டோ பிடித்து நந்தனம் போனோம். புங்க மரம் இருந்த இடத்தைச் சுற்றித் தகரத் தடுப்பு. உள்ளே சுரங்க ரயிலுக்குத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். காவலாளி எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா மேடம், மரத்தத் தேடிக்கினு வந்தீங்களா? அது எப்பவோ பூட்ச்சி. எட்டிப் பாருங்க, பள்ளம்தான் கீது." மேடம் தடுப்பின் இடுக்கில் முகத்தை வைத்துப் பார்த்தார். அடியில் கலங்கிய தண்ணீர் தேங்கியிருந்தது. காலிப் பையை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, "வா, போகலாம்" என்றார்.

மீதமிருந்த நோஞ்சான் தட்டுகளை, காபியில் கலக்கிற சிக்கரியின் வேருக்கு மாற்றினோம். வேர் மாறினால் இரண்டாவது வகை தலைதூக்கக்கூடும் என்ற நப்பாசை. அதற்குள் மேடம் ஓய்வு பெற்றுவிட்டார். அடிக்கடி போன் செய்வார். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது. "ரெண்டும் இருக்கோல்லியோ?" என்பதுதான் முதல் கேள்வி. "இருக்கு மேடம், கொஞ்சமா" என்பேன். நோஞ்சான்களும் மெல்லத் தேறத் தொடங்கின. தேறத் தேற எனக்குத் தூக்கம் போயிற்று.

இன்று காலை கடைசித் தட்டின் சோதனை முடிவும் வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது போன் அடித்தது.

"ரெண்டும் இருக்கோல்லியோ?"

"இல்ல மேடம். ஒண்ணுதான் இருக்கு."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது. "தட்டு பார்க்க எப்படி இருக்கு?" என்றார்.

"இவ்ளோ நல்லா இருந்ததே இல்ல மேடம்."

"நல்லதாத்தானேடி பார்த்துப் பார்த்து எடுத்தேன்" என்றார். அவரே போனை வைத்துவிட்டார்.

தட்டை அதன் இடத்தில் வைத்து அலமாரியைச் சாத்தினேன். புது வேருக்கு மாற்றும் நாள் நெருங்கிவிட்டது. எந்தத் தட்டை எடுப்பது என்று இனி யாரும் யோசிக்க வேண்டியதில்லை.