மூன்று வருஷம் பூக்கிற செடி

கனகாம்பரத்துக்கு வாசனை கிடையாது. எனக்கு ஞாபகம் இருப்பது அதன் சத்தம்...

விதைக்கென்று விட்ட இரண்டு வரிசையில் கதிர் காய்ந்து நிற்கும். காலையில் அப்பா மடை திருப்பி, கை நிறையத் தண்ணீரை அள்ளி அதன்மேல் தெளிப்பார். காய்கள் பட் பட்டென்று வெடிக்கும். விதை தெறித்துக் கன்னத்தில் அடிக்கட்டும் என்றே நானும் தம்பியும் முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

அப்போது நான் ஏழாவது. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற வழியில் எங்கள் ஊர். மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை. சொந்தமாக ஒரு சென்ட் கொல்லி, அதாவது நிலம், இல்லை. பெரிய வீட்டு ஐயாவின் நிலத்தில் வாரத்துக்குப் பயிர் வைப்போம், விளைந்ததில் பாதி அவருக்கு.

ஐயாவிடம் ஒரு சாமர்த்தியம் உண்டு. ஒரே துண்டில் யாரையும் இரண்டு வருஷம் விடமாட்டார். இந்த வருஷம் கிணற்று மேட்டில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டால், அடுத்த வருஷம் ஏரிப் பக்கம் போகச் சொல்வார். நாங்கள் கல் பொறுக்கி, எரு அடித்து, மண்ணை ஒரு பதத்துக்குக் கொண்டுவந்ததும் "அந்தாண்ட போ"! நிலைத்து நின்றுவிட்டால் குத்தகைக்காரன் என்று பதிவு பண்ணிவிடுவானோ என்கிற பயம் அவருக்கு.

அந்த வருஷம்தான் அப்பா திருநாவலூர்ப் பக்கத்துச் சொந்தக்காரரிடமிருந்து கனகாம்பர நாற்று கொண்டுவந்தார். "பூச்செடி வெக்கறேங்க" என்று கேட்டார். ஐயாவும் ஏதோ நினைப்பில் தலையாட்டிவிட்டார்.

நட்டு முடித்த அன்று வரப்பில் உட்கார்ந்து கூழ் குடிக்கும்போது அப்பா அம்மாவிடம் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது.

"ஒருக்கா வெச்சா மூணு வருஷம் பூக்கும். பூத்துக்கினு இருக்கற செடிய புடுங்கிட்டுப் போன்னு எவனும் சொல்லமாட்டான். மூணு வருஷம் ஒரே எடத்துல இருக்கலாம்."

"இத வெளிய சொல்லிக்கினு திரியாதய்யா" என்றார் அம்மா.

எங்களைக்கூட அப்பா அப்படிப் பார்த்துக்கொண்டதில்லை... வேப்பம்புண்ணாக்கு வைப்பார். வேரில் முடிச்சு விழுந்த செடியை மட்டும் தனியே பிடுங்கி எரிப்பார். பூத்து ஓய்ந்த கதிரைக் கிள்ளினால்தான் புதுக் கதிர் வரும், அது என் வேலை. ஒருநாள் விட்டு ஒருநாள் விடிவதற்குள் பறித்துவிடுவோம். மழை, வெயில், பனி, எதற்கும் அந்தச் செடி ஓயவில்லை.

பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காருபவள் மஞ்சுளா. ஐயாவின் கடைசிப் பெண். ரிப்பன், ஜாமெட்ரி பாக்ஸ், கொலுசு என்று எல்லாம் இருக்கும் அவளிடம். ஒருநாள் அவளுக்கு நெருக்கமாகக் கட்டிய கனகாம்பரம் ஒரு முழம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"யார் வூட்டுப் பூவுடி?"

"எங்க கொல்லிப் பூ. இன்னும் மூணு வருஷத்துக்குப் பூத்துக்கினே இருக்கும். எங்கப்பா சொல்லுச்சு."

வாழ்க்கையில் முதல்தடவை, அவளிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருந்தது. வாய் சும்மா இருக்குமா?

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கெட்டது தவளை இல்லை, தவளையின் அப்பா.

மறுநாள் சாயங்காலம் ஐயா வரப்பில் வந்து நின்றார். கத்தவில்லை. சிரித்த முகம்தான்.

"இன்னா கோவிந்தா, மூணு வருஷம் பூக்குமாமே?"

அப்பா துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். "பாத்தாதாங்க தெரியும்..."

"ஒங்க கொல்லியாமே? எம் பொண்ணு சொல்லுது."

அப்பா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"காலைல ஏர் வருது. அதுக்குள்ள நீயே புடுங்கிடு" என்று சொல்லிவிட்டு ஐயா போய்விட்டார்.

அன்றைக்கே இருட்டுவதற்குள் பிடுங்கினோம். அத்தனையும் பூவோடு. அம்மா பழக்கத்தில் பூவைப் பறித்து மடியில் போட்டுக்கொண்டே வந்தார். அப்பா ஒவ்வொரு செடியையும் வேர் அறாமல் மண்ணோடு எடுத்தார், வேறு எங்கோ கொண்டுபோய் நடப்போவது மாதிரி. நடுவதற்கு எங்களுக்கு எது இடம்? வாசலிலேயே குவிந்து கிடந்து காய்ந்தது.

அப்பா என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. "ஏன் சொன்ன?" என்றுகூடக் கேட்கவில்லை. நாலு அறை விட்டிருந்தால் அன்றோடு போயிருக்கும். அடுத்த வருஷத்திலிருந்து அவர் வாரத்துக்குப் பயிர் வைக்கவில்லை, கரும்பு வெட்டப் போனார். நான்தான் கெடுத்தேன் என்று இத்தனை வருஷத்தில் நானும் வாய்விட்டுச் சொன்னதில்லை. இங்கேதான் முதல்தடவை.

போன வாரம் மஞ்சுளா ஏழாவது வகுப்பு குரூப் போட்டோவை ஃபேஸ்புக்கில் போட்டு, என்னை டேக் பண்ணி, "நீ குடுத்த கனகாம்பரம்... அதெல்லாம் ஒரு காலம்டி!" என்று எழுதியிருந்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது. ஹார்ட் போட்டுவிட்டு வந்தேன். அந்த நிலம் இப்போது வீட்டு மனை, கலர் அடித்த கல் நட்டிருக்கிறார்கள்.

நான் கள்ளக்குறிச்சியில் ஆபீஸ் வேலைக்கு வந்து, லோன் போட்டு, ஒன்றரை சென்ட்டில் ஒரு வீடு கட்டிவிட்டேன். பட்டா என் பேரில். கேட்டுக்குப் பக்கத்தில் பத்துக் கனகாம்பரச் செடி. இப்போதெல்லாம் கேட்க ஆள் இல்லை, பிடுங்கச் சொல்ல ஆள் இல்லை.

அப்பா போன மாதம் வந்திருந்தார். கண் சரியாகத் தெரிவதில்லை. செடியைத் தடவித் தடவிப் பார்த்தார், அடியில் மண்ணைக் கிளறினார். சந்தோஷப்படுவார் என்று பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

தெருவை ஒருதடவை திரும்பிப் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்.

"பின்னாடி மாத்தி நடு மா. இவ்ளோ பூக்கறது ரோட்டுல போறவங்களுக்குத் தெரியக்கூடாது."