ஐந்தருவியில் போன பல்செட்

பிள்ளைகளே, இன்று காலை சின்னவள் முன்பல் விழுந்து, முறுக்கைக் கடிக்க முடியாமல் அழுதாள். எனக்கு என் பெரியப்பா நினைவு வந்துவிட்டது.

வெற்றிலையும் புகையிலையும் போட்டே பல்லையெல்லாம் இழந்தவர் அவர். இரண்டு வருடம் கஞ்சிதான். மகள் கல்யாணத்தில் முறுக்கு தின்றே தீருவேன் என்று தென்காசியில் பல்செட் கட்டிக்கொண்டார். கல்யாணத்துக்கு முந்தின நாள் எல்லோரும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஐந்தருவியில் குளித்தோம். தண்ணீர் தலையில் விழுந்த சுகத்தில் பெரியப்பா "ஆ"வென்று வாயைத் திறந்தார். பல்செட் தண்ணீரோடு போய்விட்டது.

"போச்சே! நாளைக்கும் கஞ்சிதானா?" என்று பாறையில் உட்கார்ந்துவிட்டார்.

நாங்கள் தண்ணீருக்குள் காலால் துழாவினோம். முன்பல் இரண்டும் விழுந்திருந்த என் தங்கைதான் கத்தினாள். "பெரியப்பா, என் கால என்னமோ கடிக்கு!"

"அசையாத ஏட்டி! அது என் பல்லுதான்!"

மறுநாள் பந்தியில் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, முறுக்கைத் துண்டில் சுற்றிக் காக்காய்க் கடி கடித்துக் கொடுத்தார். "ஒனக்குப் பல்லு மொளைக்கவரைக்கும் நான் கடிச்சுத் தாரேன்ட்டி."

இன்று சின்னவளுக்கு நானும் அப்படியே கடித்துக் கொடுத்தேன். என் கடைவாய்ப் பல் ஒன்று லேசாக ஆடியது. அவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.