கரை தாண்டிய பெட்டி

யாராவது கடலைப் பற்றி உருகி உருகிப் பேசினால் எனக்கு எரிச்சல்தான் வரும். மூன்று பிரதி தட்டச்சு செய்து, முத்திரை குத்தி அனுப்பி, பதில் வராமல் போன கடிதங்கள்தான் எனக்கு வாய்த்த கடல்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு கடல் ஆய்வுத் திட்டத்தில் நான் தொழில்நுட்ப உதவியாளன். வீடு அரியூரில். அப்பாவுக்கு நெல்லும் கரும்பும்தான் உலகம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோவில் வாசலில் நிற்கும்போது, "நீச்சலே தெரியாதவனுக்குக் கடல்ல உத்தியோகமாம்" என்று உறவுக்காரர்கள் கேலி செய்வார்கள். அவர்கள் சொன்னது நிஜம். எனக்கு இன்றைக்கும் நீச்சல் தெரியாது.

திட்டம் இதுதான். ஆள் இல்லாமல் கடலுக்கடியில் கிடந்து, தண்ணீர் எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதைத் தானே பதிவு செய்துகொள்ளும் ஒரு கருவி. குடம் உயரத்துக்கு ஓர் உலோக உருளை, அதன்மேல் சுழலும் சக்கரம், பின்னால் மீன் வால் மாதிரி ஒரு தகடு. உள்ளே காந்த நாடா. கருவி வெளிநாட்டு நிறுவனத்துடையது. இடமும் படகும் ஆளும் நாங்கள் தரவேண்டும். கூட்டு முயற்சி என்று கோப்பின் அட்டையில் பெரிய எழுத்தில் இருந்தது. எங்களிடம் படகு கிடையாது. அலுவலகப் படகு நான் சேர்ந்த நாள் முதல் பழுதுபார்ப்பில் இருந்தது.

அதனால் பாகூர்ப் பக்கத்துக் கடற்கரைக் குப்பம் ஒன்றுக்குப் போய் ஒரு மீனவரைப் பிடித்தேன். நாற்பது வயதிருக்கும். சொந்தமாக ஒரு கட்டுமரமும், கடலின் அடியில் இறக்கிக் கட்டுகிற வலையும் வைத்திருந்தார். கூட மூன்று பேர் தொழிலுக்கு வருவார்கள். நான் கருவியைப் பற்றிச் சொன்னதையெல்லாம் முகத்தைச் சுளித்தபடி கேட்டுவிட்டு, கடைசியில் அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஐப்பசி மழைக்கு முன்னாடி தண்ணி ஓட்டம் திரும்பும் சார். மேல திரும்பறது கண்ணுக்குத் தெரியும். அடியில அதுக்கு முன்னாடியே திரும்பிடுது. எத்தினி நாள் முன்னாடின்னுதான் தெரிய மாட்டேங்குது. ரெண்டு வருசமா அதுலதான் என் வல பாறையில இழுத்துகினு போயி கிழிஞ்சிது. உன் பொட்டி அதச் சொல்லுமா?"

"சொல்லும்ணே. அதைச் சொல்றதுக்குத்தான் அது இருக்குது."

"மூணாவது தடவ போச்சின்னா, நான் அடுத்தவன் மரத்துல கூலிக்கு ஏறவேண்டியதுதான்" என்றார்.

ஆவணியில் கருவியை இறக்கினோம். அந்த நாலு பேர்தான் இறக்கினார்கள். நான் கட்டுமரத்தில் குப்புறப் படுத்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். மிதவையை யாரும் அறுத்துவிடக் கூடாதே என்று அவரே பக்கத்துக் குப்பங்களுக்கெல்லாம் நடந்துபோய்ச் சொல்லிவைத்தார். வலை எடுக்கப் போகும்போதெல்லாம் சுற்றிக்கொண்டு போய்க் கயிற்றைப் பார்த்துவிட்டு வந்தார். அதை நான் செய்யச் சொல்லவில்லை. அலுவலகத்தில் அப்படியொரு வேலை இருப்பதே யாருக்கும் தோன்றவில்லை.

ஐப்பசிக் கடைசியில் மழை ஓய்ந்த ஒரு காலையில் கருவியை எடுத்தோம். பாசியும் சிப்பியும் பிடித்து, ஆளே மாறிப்போய் வந்தது. அந்த வருஷம் அவர் வலை தப்பித்திருந்தது. கருவி அடியில் இருக்கிறதே, சிக்கிக்கொள்ளக் கூடாது என்று அந்தப் பக்கமே அவர் வலை கட்டவில்லை. மீனுள்ள இடத்தை எங்களுக்காக ஒரு பருவம் முழுக்க விட்டுக்கொடுத்திருந்தார். அதுவும் எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

உருளையைக் கழுவித் துடைத்து ஜீப்பில் ஏற்றினேன். நாலு பேரும் ஜீப்புக்கு முன்னால் வந்து மணலில் உட்கார்ந்தார்கள். கோபமாக இல்லை. எப்போதும் மீன் வந்து இறங்கியதும் உட்காருவார்களே, அப்படித்தான் உட்கார்ந்தார்கள்.

"இன்னா சார், கெளம்பிட்ட? பங்கு வெக்கல?"

அந்தக் கரையில் ஒரு வழக்கம். கடலிலிருந்து எது ஏறினாலும், கை வைத்தவர்களுக்கெல்லாம் மணலிலேயே பங்கு பிரித்தாகவேண்டும். பிரிக்காமல் எதுவும் கரை தாண்டாது. கருவிக்குள் இருப்பதும் அவர்களுக்குக் கடலிலிருந்து எடுத்ததுதான். தண்ணீர் என்றைக்குத் திரும்பியது என்ற சேதி உள்ளே இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டுப் போ என்றார்கள். இதில் எனக்கு இன்றுவரை ஒரு தப்பும் தெரியவில்லை.

இதைப் படிக்கிற இயந்திரம் இங்கே இல்லை, வெளிநாட்டுக்குப் போய்த்தான் வரவேண்டும் என்று விளக்கினேன். பக்கத்திலிருந்த எங்கள் அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்து, "கூலி குடுத்தாச்சே, இன்னும் என்னய்யா பங்கு? வண்டிய எடுக்கச் சொல்லு" என்றார். டிரைவர் சாவியைத் தொடவில்லை. அவரும் அந்தப் பக்கத்து ஆள்.

நான் மணலில் இறங்கிப்போய் உட்கார்ந்தேன். "அண்ணே, அடுத்த பொரட்டாசிக்குள்ள நானே வந்து சொல்றேன். மாதா மேல சத்தியம்."

அவர் எழுந்து மற்றவர்களையும் எழுப்பினார். "சார் சொல்றாரு. வழி வுடுங்கடா." பங்கு பிரிக்காமல் ஒன்று அந்தக் கரையைத் தாண்டிப் போனது அதுதான் முதல் தடவை என்று டிரைவர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

தை மாதம் முதல் கடிதம் போட்டேன். பங்குனியில் நினைவூட்டல். ஆனியில் இன்னொன்று. ஒவ்வொன்றும் அதிகாரியின் மேசையில் ஊறி, டெல்லிக்குப் போய், அங்கிருந்து வெளிநாடு போகவேண்டும். நடுவில் ஒரு தடவை, கடிதத்தின் ஓரத்தில் விட்ட இடம் போதவில்லை என்று திரும்பி வந்தது. தலையில் அடித்துக்கொள்ளாத குறை. குப்பத்துப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டேன்.

ஆவணியில் பதில் வந்தது. மரியாதையான பதில்தான். ஆய்வு முடிவுகள் அச்சாகும் வரை ஒப்பந்தத்தில் உள்ள கூட்டாளிகளுக்கு மட்டுமே தரப்படும். ஒப்பந்தத்தின் மூன்றாவது இடத்தில் உள்ளூர்க் கூட்டாளி யார் என்று குறிப்பிடப்பட்டிருந்தால் அவர்களுக்கும் அனுப்பத் தடையில்லை. எங்கள் அலுவலகத்தின் பங்குக்கான முடிவுகளை முன்பே டெல்லிக்கு அனுப்பிவிட்டதாகவும் எழுதியிருந்தார்கள். டெல்லியில் அது எந்த அலமாரியில் இருந்ததோ, கடைசிவரை யாரும் தேடித் தரவில்லை.

ஒப்பந்தத்தின் நகலை எடுத்துப் பார்த்தேன். மூன்றாவது இடத்தில் ஒரு கோடு இருந்தது. அந்தக் கோட்டை அடித்தவன் நான்தான். ஒப்பந்தம் போட வந்திருந்த வெளிநாட்டு விஞ்ஞானி, "இங்கே யார் பெயரைப் போடலாம்?" என்று என்னைத்தான் கேட்டார். அவரைக் குறை சொல்லக் கூடாது, நல்ல மனிதர். "குப்பத்துக்காரன் பேரெல்லாம் எதுக்கு, கோடு போடுய்யா" என்றார் அதிகாரி. போட்டேன். தட்டச்சில் நாலு தட்டு. வேலை நிரந்தரமாகாதவன் வேறு என்ன செய்வான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். கடிதம் கையிலிருந்த அன்றைக்கு அந்தச் சமாதானம் எடுபடவில்லை.

புரட்டாசி வந்தது, போனது. நான் போகவில்லை. வெறுங்கையோடு போய் என்ன சொல்வது? ஐப்பசி மழைக்கு முன்னாலேயே அவர் வலை பாறையில் கிழிந்துபோனதை டிரைவர் வந்து சொன்னார்.

இரண்டு வருஷம் கழித்து, பளபளப்பான அட்டை போட்டு அறிக்கை அச்சாகி வந்தது. நன்றிப் பக்கத்தில் எங்கள் அதிகாரி பெயர் இருந்தது. உள்ளே ஒரு வரைபடத்தில் இரண்டு கோடுகள், ஒன்று மேல்தண்ணீர், மற்றது அடித்தண்ணீர். ஸ்கேல் வைத்து எண்ணிப் பார்த்தேன். பத்து நிமிஷ வேலை. மத்தியானமே விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

அவர் கரையில் இன்னொருவருடைய வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

"அண்ணே, ஒம்போது நாள். மேல் தண்ணி திரும்பறதுக்கு ஒம்போது நாள் முன்னாடியே அடியில திரும்பியிருக்குது."

அவர் ஊசியைக் கீழே வைத்தார். விரல் விட்டு எண்ணினார். உதடு அசைந்தது.

"போன போன வருசம் நான் வலைய எறக்கனப்ப மேல் தண்ணி திரும்ப இன்னும் ஆறு நாள் இருந்திச்சி. அப்ப அடியில ஏற்கெனவே திரும்பியிருக்கும்" என்றார். "தெரிஞ்சிருந்தா எறக்கியிருக்க மாட்டேன்."

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் போயிருந்தேன். ஆனால் கேட்கவில்லை.

அவர் தலையைத் திருப்பி, தூரத்தில் மரத்தைக் கரையேற்றிக்கொண்டிருந்த மூன்று பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவர்கள் மணலைத் தட்டிக்கொண்டு வந்து நின்றார்கள்.

"பங்கு வந்துருக்குது, ஒக்காருங்கடா" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "மொதல்லேருந்து சொல்லு சார். இவனுங்களும்தான் கை வெச்சானுங்க."

நாலு பேர் முன்னாலும் உட்கார்ந்து, மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.