பூஜைக்குத் துடைத்த கணினி

ஆயுத பூஜை வந்தால் ஆவடி குவார்ட்டர்ஸில் ஸ்பேனர் முதல் ஸ்கூட்டர் வரை எல்லாம் குளிக்கும். நானும் எங்கள் பழைய கணினியைத் திறந்து, உள்ளே காசு மாதிரி இருந்த பேட்டரியைக்கூடக் கழற்றித் துடைத்து மாட்டினேன். ஸ்விட்சைப் போட்டதும் நீலத் திரை. தானே அணைந்து, தானே எழுந்து, மறுபடியும் நீலம். மனைவி ஒரு மாதமாகத் தட்டச்சு செய்த டியூஷன் கேள்வித்தாள்கள் அதற்குள் மாட்டிக்கொண்டன. நான் அறைக்குள் மாட்டிக்கொண்டேன்.

"பிரிண்ட் எடுத்தாச்சா?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"ஆயிட்டே இருக்கு!" என்று கத்திவிட்டு, கதவைச் சாத்தி, பக்கத்துச் சேக்காட்டில் கணினி ரிப்பேர் செய்யும் நண்பனுக்கு போன் போட்டு நடந்ததைச் சொன்னேன்.

"பேட்டரிய கழட்னியா மாமே?"

"அழுக்கா இருந்துச்சுடா."

"அத்த கழட்டுனா செட்டிங் எல்லாம் மறந்துடும். ஹார்ட் டிஸ்க் கன்ட்ரோலர் புது மோடுக்குத் தாவிகீது. உங்கிட்ட கீற டிரைவர் சாஃப்ட்வேரு பழைய மோடுக்குத்தான். ஆன் பண்ணும்போதே செட்டிங்ல போயி, திருப்பி பழைய ஐடிஇ மோடுன்னு மாத்து."

"டிஸ்க்கே செத்துடுச்சுன்னு நெனச்சேன்."

"நீ சாவாம இருந்தியே, அத்த சொல்லு."

மாற்றினேன், கணினி திறந்தது. முதல் வேலையாகக் கேள்வித்தாள்களைப் பென் டிரைவில் நகலெடுத்தேன். அப்புறம்தான் கதவைத் திறந்தேன்.

"சட்டை ஏன் இப்படி வேர்த்து நனைஞ்சிருக்கு?" என்றாள் மனைவி.

"பூஜை வேலைன்னா சும்மாவா?" என்றேன்.