கிள்ளான் வீட்டு விருந்து

பஞ்சவர்ணம் ஆவடி பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர், "அக்கா, ரெண்டு டிக்கெட்டா?" என்பான். "ஒன்னு உன் வாய்க்கு வாங்கிக்கோ" என்பாள் இவள். வாய் அப்படி. ஆனால் அந்த எடையில் முட்டிவலியும் கேட்கவில்லை, சர்க்கரையும் கேட்கவில்லை. தொண்ணூற்றெட்டில் டாக்டர்கள் அவள் வயிற்றைச் சுருக்கித் தைத்துவிட்டார்கள். வேளைக்கு நாலு வாய், அதுவும் கூழாக மென்று. மீறினால் தையல் தாங்காது என்று சொல்லி அனுப்பினார்கள்.

தையலைப் பற்றி அவளுக்கா தெரியாது? ராணுவ உடுப்பு தைக்கும் ஃபேக்டரியில் காலமெல்லாம் மிஷின் மிதித்தவள். மறுபேச்சில்லாமல் கஞ்சி குடித்தாள்.

அந்த நேரம் பார்த்தா மகள் தாட்சாயிணிக்கு மலேசியா வரன் கூடிவர வேண்டும்? மாப்பிள்ளையின் அம்மா தாயம்மா, ஆவடிப் பக்கம் நூம்பலில் பிறந்து கிள்ளானில் வாழ்க்கைப்பட்டவள். பையன் பாஸ்கரன் ஊருக்கு வந்து பெண்ணைப் பார்த்து, இருவருக்கும் பிடித்தும் போயிருந்தது. "ஆடி பொறக்கறதுக்குள்ள வந்து ஊட்டப் பாத்து முடிச்சிட்டுப் போங்க" என்று தாயம்மா போனில் சொல்லிவிட்டாள். ஆபரேஷன் ஆகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. டாக்டர் அரைமனதாகச் சம்மதித்தார்.

துணைக்கு வந்த தம்பி வேம்புலி விமானத்தில் காதைக் கடித்தான். "யக்கா, ஆபரேஷன்னு மூச்சு உடாத. சீக்குக்காரி ஊட்டுப் பொண்ணுன்னு கழட்டி உட்ருவாங்க." அந்தப் பயம் அவளுக்கும் இருந்தது. தலையாட்டினாள்.

கிள்ளானில் தலைவாழை இலை போட்டு நண்டு, வஞ்சிரம், ஆட்டுக்கறி என்று குவித்தார்கள். சம்பந்தம் பேசப் போன வீட்டில் வயிறாரச் சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். இலையை அளைந்துவிட்டு எழுந்தால், உங்கள் சங்காத்தமே வேண்டாம் என்று அர்த்தம். நாலு வாய் ஆனதும் பஞ்சவர்ணத்தின் கை நின்றது.

தாயம்மாவின் முகம் சுண்டிப்போனது. "இன்னாம்மா, எங்க ஊடு புடிக்கலியா? நேராவே சொல்லிடுங்க."

கதவோரம் நின்ற பாஸ்கரன் தலையைக் குனிந்துகொண்டான். "துண்ணுக்கா!" என்று வேம்புலி இடித்தான். ஐந்தாவது வாயைப் போட்டாள். ஐயோ! நெஞ்சுக்குக் கீழே யாரோ முறுக்கிப் பிழிகிற மாதிரி வலி. கண்ணில் நீர் முட்டியது. தின்றால் தன் உயிர் போகும், தின்னாவிட்டால் மகள் கல்யாணம் போகும். கையிலிருந்த கவளத்தை இலையிலேயே வைத்தாள்.

"யம்மா தாயம்மா, ஊடும் புடிச்சிக்கீது, புள்ளையும் புடிச்சிக்கீது. என் வயிறுதான் இப்போ கைக்கொழந்த வயிறு. ஒடம்பு கொறையணும்னு அறுத்துத் தச்சிக்கீறாங்க. மறைக்கச் சொன்னான் இவன். பொய் சொல்லிப் பொண்ணு குடுக்க என்னால ஆவாது. வேணான்னா சொல்லுங்க, இப்பவே பொட்டியத் தூக்கினு கெளம்பறேன்."

தாயம்மா விறுவிறுவென்று உள்ளே போனாள். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. "போச்சு, எல்லாம் போச்சு" என்று வேம்புலி முனகினான்.

திரும்பி வந்தவள் கையில் ஒரு வெள்ளிப் பாலாடை. பாஸ்கரனுக்குக் குழந்தையில் பால் புகட்டியது. பஞ்சவர்ணத்தின் முதுகை நீவிவிட்டு, வலி அடங்கும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு தெளிந்த ரசத்தைப் பாலாடையில் ஊற்றி, ஊதி, அவள் வாயருகே கொண்டுபோனாள்.

"கைக்கொழந்த வயிறுன்னா கைக்கொழந்தைக்கு ஊட்டற மாரிதானே ஊட்டணும்? வாயத் தொற சம்பந்தி. அடுத்த வருசம் இதுல நம்ம பேரப்புள்ளைக்கு ஊத்துவோம்."

சம்பந்தி! பஞ்சவர்ணம் அழுதாள், சிரித்தாள், கடைசிச் சொட்டுவரை குடித்தாள். ஆவடி பஸ்ஸே திரும்பிப் பார்க்கும் அந்தப் பழைய குரல் அப்படியே திரும்பி வந்தது.

"டேய் வேம்புலி, என் எலையையும் நீயே காலி பண்ணு. சம்பந்தி, தாம்பூலத் தட்டக் கொண்டா, மாத்திக்கலாம்!"