சூடேறிய மருந்து

ஐம்பதுகளின் பிற்பாதியில் வெக்கை நோய்க்கு ஊசி போடும் வேலையில் சேர்ந்தேன். மாட்டுக்குக் கண்ணில் நீர் வடியும், வாயெல்லாம் புண்ணாகும், கழிச்சலில் உடம்பு வற்றி ஒரு வாரத்தில் விழுந்துவிடும். அதுதான் வெக்கை. ஊர் ஊராகப் போய் ஒரு மாடு விடாமல் ஊசி போட்டு, போட்டதற்கு அடையாளமாகக் காதில் சிறு வெட்டு வெட்டிவர வேண்டும்.

மருந்துக் குப்பிகளை ஐஸ் நிரப்பிய பிளாஸ்க்கில் எடுத்துப் போவேன். குளிர் போனால் மருந்து செத்துவிடும், அப்படியானால் கொட்டிவிட்டுத் திரும்பிவிடு என்று எங்கள் டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார்.

திருப்பாலைக்குடிக்கு மேற்கே இருந்த ஒரு சிற்றூர் எங்களை இரண்டு முறை திருப்பி அனுப்பியது. ஊசி போட்டால் மாட்டுக்குக் காய்ச்சல் வரும், பால் வற்றும் என்று பக்கத்து ஊரில் பார்த்திருந்தார்கள். மூன்றாம் முறை சம்மதம் வாங்கித் தந்தது ஒரு பெண். புருஷன் இல்லாதவர், சொந்தமாக ஒரு ஜோடி உழவு மாடும் ஒரு கிடேரியும் வைத்து விவசாயம் பார்த்தார். சிறுவயதில் தன் பிறந்த ஊரில் வெக்கை வந்து ஒரு தொழுவிலும் மாடு மிஞ்சாததைப் பார்த்தவர். அவர்தான் வீடு வீடாகப் போய்ப் பேசினார்.

குறித்த நாளில் நான் வந்த பஸ் வழியில் நின்றுபோனது. ஆடி மாத வெயில். இரண்டு மணி நேரம் காத்திருந்து, மீதித் தூரத்தை நடந்தே போனேன். ஊருணிக் கரையில் ஊர் மாடுகள் எல்லாம் நின்றன. பிளாஸ்க்கைத் திறந்தேன். ஐஸ் கரைந்து தண்ணீர் வெதுவெதுப்பாகியிருந்தது. குப்பியைத் தொட்டதும் தெரிந்துவிட்டது.

திரும்பிப் போயிருக்க வேண்டும். போனால் இந்த ஊர் இனி ஒருபோதும் சம்மதிக்காது என்று நினைத்தேன். டாக்டரிடம் என்ன சொல்வது என்றும் நினைத்தேன். எது முதலில் வந்தது என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. குப்பியை உடைத்து மருந்தைக் கரைத்தேன். நாற்பத்திரண்டு மாடுகளுக்குப் போட்டேன்.

ஒரு வாரம் கழித்துப் பார்க்கப் போனபோது ஊரே சிரித்த முகமாக இருந்தது. ஒரு மாட்டுக்கும் காய்ச்சல் இல்லை, பால் குறையவில்லை. உங்கள் கை ராசியான கை என்றார் ஒருவர். காய்ச்சல் வராததற்கு அர்த்தம் எனக்குத் தெரியும். மருந்து வேலை செய்யவில்லை. அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

ஆவணியில் ஒருவர் சந்தையில் உழவுக்கு மாடு பிடித்து வந்தார். அதிலிருந்து வெக்கை தொடங்கியது. என் வெட்டு விழுந்த காதுகளோடு மாடுகள் விழுந்தன. பதினொன்று செத்தன. எங்களுக்காக வீடு வீடாகப் போய்ப் பேசிய அந்த அக்காவின் ஜோடியில் ஒன்று காலையிலும் மற்றது சாயங்காலமும் போயின. தோல் உரிக்காமல் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும் என்பது உத்தரவு. குழிக்குப் பக்கத்தில் அவர் என்னிடம் கேட்டார்.

"தம்பி, அன்னைக்குப் போட்ட மருந்துல ஏதும் குறையா? தெரிஞ்சா சொல்லுங்க."

மருந்து எல்லா மாட்டுக்கும் பலிக்கும் என்று சொல்ல முடியாது என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். நான் சொன்ன பொய்யை அவர் நம்பியதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. மறுநாள் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. புது ஐஸும் புது மருந்தும் எடுத்துக்கொண்டு ஜீப்பில் என்னையும் ஏற்றிக்கொண்டார்.

ஊரார் மாட்டைக் கட்டவிழ்க்கவே மறுத்தார்கள். நோயைக் கொண்டுவந்ததே ஊசிதான் என்றார்கள். டாக்டர் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. பிறகு அவர் என்னைப் பார்த்தார். நான் முன்னால் போய் நின்று சொன்னேன். "அன்னைக்கு நான் போட்டது செத்த மருந்து. வர்ற வழியில சூடாயிருச்சு. தெரிஞ்சேதான் போட்டேன். நோய் அதனால வரல. ஆனா அது நல்ல மருந்தா இருந்திருந்தா மாடு பிழைச்சிருக்கும்."

ஒருவர் என் சட்டையைப் பிடித்தார். டாக்டர் குறுக்கே வந்து விலக்கிவிட்டார். அந்த அக்கா வீட்டுக்குப் போய்க் கிடேரியைப் பிடித்துக்கொண்டு வந்தார். டாக்டரிடம் கயிற்றை நீட்டினார்.

"இதுக்கு நீங்க போடுங்க. அவரு கை வேணாம்."

அவரைப் பார்த்துத்தான் மற்றவர்களும் மாடுகளை ஓட்டி வந்தார்கள். அன்றைக்கு நான் ஊசியைத் தொடவில்லை, குப்பிகளை எடுத்துக் கொடுத்தேன். நாலாம் நாள் மாடுகளுக்குக் காய்ச்சல் கண்டது. அதற்குள் நோய் உள்ளே இறங்கியிருந்த இரண்டு மாடுகள் போயின. மற்றவை தப்பின.

என் வேலை போகவில்லை, சம்பள உயர்வை மட்டும் நிறுத்தினார்கள். அந்த அக்காவுக்குப் புரட்டாசி விதைப்புக்கு மாடு இல்லை. மற்றவர்கள் உழுது முடித்த பிறகு இரவல் மாடு கிடைத்து, பிந்தி விதைத்தார். பயிர் கதிர் பிடிக்குமுன் மழை நின்றுபோனது. அந்த வருஷம் அவர் வயலில் வைக்கோல்தான் மிஞ்சியது என்று டாக்டர் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

பிறகு நாலு வருஷம் அந்த ஊருக்கு நானே போனேன். மாடுகளுக்குப் போடும் முன் பிளாஸ்க்கைத் திறந்து ஐஸைக் காட்டச் சொல்வார்கள். காட்டுவேன். வெக்கை அந்தப் பக்கம் மறுபடி வரவில்லை. அந்த அக்காவின் மாடும் வரும், யாராவது பிடித்துக்கொண்டு வருவார்கள். அவர் மட்டும் வந்ததில்லை.